புது ஃப்ளாட்டா, பழைய ஃப்ளாட்டா: கொடுக்கிற காசுக்கு எது தகும்?

வாடகைவாசி, 6 அக்டோபர் 2024

கூடுவாஞ்சேரியில் இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று புதுசு, ஒன்றரை வருஷத்தில் சாவி தருவார்களாம். 1,050 சதுர அடி, அடி 5,600. கார் நிறுத்த 3 லட்சம், ‘இதர செலவு’ என்று 2.5 லட்சம். இன்னொன்று 12 வருஷப் பழைய ஃப்ளாட், 980 சதுர அடி, உரிமையாளர் 45 லட்சம் சொல்கிறார். அடிக்குக் கிட்டத்தட்ட 4,600 வருகிறது. அடிக்கு இன்னும் ஆயிரம் போட்டால் புதுசே கிடைக்கும்போது பழசு எதற்கு என்கிறார்கள் வீட்டில். எது லாபம்? வாங்கினவர்கள் சொல்லுங்கள் சார்.

ரெண்டாம் மாடி, 6 அக்டோபர் 2024, இரவு

அந்த ஆயிரம் ரூபாய் வித்தியாசமே பொய்க் கணக்கு. 1,050 என்பதும் 980 என்பதும் சூப்பர் பில்டப். மாடிப்படி, லிஃப்ட், வராந்தா, வாட்ச்மேன் அறை எல்லாவற்றிலும் உங்கள் தலைக்கு வரும் பங்கைச் சேர்த்துச் சொல்லும் அளவு. புதுக் கட்டடங்களில் பொது இடம் அதிகம், அதனால் இந்தச் சேர்மானமும் அதிகம். இரண்டு எண்கள் வேண்டும். உள்ளே கால் வைக்கிற கார்ப்பெட் ஏரியா எவ்வளவு? நிலத்தில் உங்கள் பெயருக்கு வரும் யு.டி.எஸ். எவ்வளவு? இரண்டையும் கேட்டு வந்து போடுங்கள், பேசலாம்.

பழைய வீட்டுப் பத்திரத்தில் கார்ப்பெட் ஏரியா பெரும்பாலும் இருக்காது. டேப் எடுத்துப் போய் அளங்கள். தயங்க வேண்டாம்.

வாடகைவாசி, 8 அக்டோபர் 2024

புதுசு: கார்ப்பெட் 760, யு.டி.எஸ். 420. பழசு: நாங்களே அளந்தோம், 770 வருகிறது. யு.டி.எஸ். பத்திரப்படி 560. 70 சதுர அடி சின்ன வீடு, உள்ளே பெரிசாக இருக்கிறதே?

ரெண்டாம் மாடி, 9 அக்டோபர் 2024

அதுதான். இப்போது முழுக் கணக்கும் போடுவோம்.

புதுசு. 1,050 × 5,600 = 58.8 லட்சம். காருக்கு 3, இதரம் 2.5. ஆக 64.3. கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட் என்பதால் 5% ஜி.எஸ்.டி., சுமார் 3.2. (1% சலுகை 45 லட்சத்துக்கு உட்பட்ட சின்ன வீடுகளுக்குத்தான், உங்களுக்குக் கிடையாது.) பத்திரச் செலவு: 2023 டிசம்பரிலிருந்து பில்டர் முதல்முறை விற்கும் ஃப்ளாட்டை நிலம், கட்டடம் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை 6%, 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 7%, அதற்கு மேல் 9%. உங்களுக்கு இதரம் நீங்கலாக 61.8க்கு 7%, சுமார் 4.3. மொத்தம் 71.8 லட்சம். 760ஆல் வகுத்தால் அடி 9,450.

பழசு. 45 லட்சம். மறுவிற்பனைக்கு அந்தச் சலுகை இல்லை. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9%, அது 4.05. புரோக்கருக்கு 1% என்றால் 45 ஆயிரம். 12 வருஷ வீட்டுக்குக் கைவேலை இருக்கும்: பாத்ரூம் தரை உடைத்து நீர்க்கசிவு அடைப்பது, கொஞ்சம் ஒயரிங், பெயிண்ட், கிச்சன் மேடை. தாராளமாக 4 லட்சம் வையுங்கள். மொத்தம் 53.5 லட்சம். 770ஆல் வகுத்தால் அடி 6,950.

வித்தியாசம் ஆயிரம் இல்லை, இரண்டாயிரத்து ஐநூறு.

அடுத்தது நிலம். கட்டடம் ஏறுவதில்லை, தேய்ந்துகொண்டே போகும். விலை ஏறுவது அடியில் கிடக்கும் மண்ணுக்கு. அந்தத் தெருவில் மனை அடி 3,500 என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்துச் சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். புதுசில் 420 அடி, 14.7 லட்சம் மதிப்பு. நீங்கள் கொடுக்கும் 71.8இல் ஐந்தில் ஒரு பங்குதான் மண். பழசில் 560 அடி, 19.6 லட்சம். 53.5இல் மூன்றில் ஒன்றுக்கு மேல்.

இவ்வளவு நேரமும் நாம் பேரமே பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ரெண்டாம் மாடி, 9 அக்டோபர் 2024, கொஞ்சம் கழித்து

வாடகையையும் பாருங்கள். இரண்டுமே மாதம் 15,000 போகும் வீடுகள்தான் அந்தப் பக்கம். வருஷத்துக்கு 1.8 லட்சம். புதுசில் அது 2.5%, பழசில் 3.4%. இரண்டுமே பிக்சட் டெபாசிட்டுக்குக் கீழே. ஆகவே ‘முதலீடு’ என்று யாராவது வந்து சொன்னால் சிரித்துவிட்டு, குடியிருக்கத்தான் வாங்குகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

ரெண்டாம் மாடி, 12 அக்டோபர் 2024

நடுவில் வந்த பதில்கள் சிலவற்றுக்குச் சேர்த்து.

“புதுசில் ஜிம், நீச்சல் குளம் உண்டு.” உண்டு. மாதா மாதம் அதற்கும் சேர்த்து மெயின்டனன்ஸும் உண்டு. எங்கள் மச்சினர் இருக்கும் இடத்தில் நீச்சல் குளத்தில் தண்ணீர் விட்டு எந்தக் காலமோ ஆகிறது, பிள்ளைகள் அதற்குள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஸ்டம்ப் வைக்க வசதியான இடமாம்.

“வரிச் சலுகை கிடைக்குமே.” பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். புது முறையில் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் கணக்கில் சேருங்கள்.

ஒருவர் எழுப்பிய விஷயம் முக்கியமானது: ஒன்றரை வருஷம் காத்திருக்கும்போது இப்போதுள்ள வாடகையையும் கட்ட வேண்டுமே? ஆமாம். மாதம் 14,000 என்றால் 2.5 லட்சம். எடுத்த கடனுக்கு அந்தக் காலத்து வட்டி வேறு. புதுசின் கணக்கு 74ஐத் தாண்டுகிறது.

ஆனால் புதுசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய பிறகும் விற்காமல் நிற்கும் ஃப்ளாட்டைத் தேடுங்கள். அப்போது ஜி.எஸ்.டி. கிடையாது. எந்த அறையில் வெயில் வருகிறது, குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கடைசி இரண்டு மூன்று வீடு மட்டும் மிச்சமிருக்கும்போது பில்டருக்கு அடுத்த சைட்டுக்குப் பணம் தேவைப்படும். பூஜை போட்ட அன்று பேசிய விலையை விட அப்போது நன்றாக இறங்கி வருவார்.

சின்ன பில்டர் கட்டும் ஆறு வீடு, எட்டு வீடு கட்டடங்கள் பற்றியும் கேட்டிருந்தார்கள். எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கு ரெரா (வீடு வாங்குபவர்களைக் காக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயமில்லை. பதிவு உள்ள இடத்தில் வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70% தனிக் கணக்கில் கிடக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பதிவு இல்லாத இடத்தில் பில்டரின் பழைய கட்டடங்களைப் போய்ப் பார்ப்பதுதான் உங்கள் காப்பீடு.

ரெண்டாம் மாடி, 17 அக்டோபர் 2024

மழை பெய்கிறதே, இப்போது போய்ப் பாருங்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தி வைத்திருந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வீடு பார்க்க இதைவிட நல்ல வாரம் கிடைக்காது. ஏப்ரலில் எல்லா இடமும் மேடுதான்.

நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் தேடியபோது ஓர் இடம் எல்லா வகையிலும் பொருந்தியது. விலையும் சகாயம். ஸ்டில்ட்டில் (வீடுகளுக்கு அடியில் தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்துமிடம்) நுழைந்தால் கரண்டு மீட்டர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேலே வரிசையாக இருந்தன, ஸ்டூல் போட்டால்தான் ரீடிங் தெரியும். அதற்கு நேர் கீழே இடுப்பு உயரத்தில், பழைய பெட்டி இருந்த அடையாளமாகச் சிமெண்ட் பூசி அடைத்த ஓட்டைகள். புரோக்கரைக் கேட்டேன். “இப்ப எல்லாம் இதுதான் சார் மாடல்” என்றார். வாசலில் இஸ்திரி வண்டிக்காரரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். “பதினஞ்சுல இங்க வரைக்கும்” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “இருபத்து மூணுல முட்டிதான்.” கிளம்பி வந்துவிட்டோம்.

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். இந்த இரண்டு தேதியிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்காதீர்கள். இஸ்திரிக்காரர், பால்காரர், தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர், இவர்கள் போதும். “நாங்க மாடிதானே” என்று நினைக்க வேண்டாம். லிஃப்ட், மோட்டார், சம்ப், கார் எல்லாம் கீழேதான் இருக்கின்றன.

தண்ணீர் அதிகமாக வருவது ஒரு பிரச்சினை என்றால், வராமல் போவது இன்னொன்று. மே மாதம் லாரி வாங்குகிறார்களா, அதற்கு வீட்டுக்கு எவ்வளவு பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். போர் தண்ணீர் எப்படி என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஷவரை நிமிர்ந்து பாருங்கள். ஓட்டைகள் வெள்ளையாக அடைத்துக் கிடந்தால் கீசரும் வாஷிங் மெஷினும் அந்தக் கதிதான்.

ரெண்டாம் மாடி, 2 நவம்பர் 2024

தீபாவளி முடிந்து வந்தால் இந்த இழையில் பேச்சு வாஸ்துவில் போய் நிற்கிறது. சரி, அதையும் பேசுவோம்.

தெற்கு பார்த்த வாசல் வீடுகள் விற்க நாளாகும். அதனால் விலை இறங்கும். நம்பிக்கை இல்லாதவருக்கு இது கண்ணெதிரே கிடக்கும் தள்ளுபடி. எங்கள் வீட்டில் நம்பிக்கை இல்லாதவன் நான் ஒருவன்தான், எனவே எனக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால், அந்தத் தள்ளுபடி கடன் வாங்கியது மாதிரிதான். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவர் அதைத் திருப்பிக் கேட்பார். ஆயுசுக்கும் அங்கேயே இருப்பவருக்கு மட்டும் லாபம்.

ஆனால் எல்லாத் தள்ளுபடியும் இந்த வகை இல்லை. மேல்மாடி ஃப்ளாட் ஒன்று பக்கத்து வீடுகளைவிட ஏழெட்டு லட்சம் குறைவாக வந்தால், அங்கீகரித்த பிளானை வாங்கி மாடிகளை எண்ணுங்கள். பிளானில் ஸ்டில்ட்டுக்கு மேலே இரண்டு மாடி, நேரில் மூன்று மாடி நிற்கும். புறநகரில் இது சகஜம். அந்த மூன்றாவது மாடிக்கு வங்கிக் கடன் பெரும்பாலும் கிடைக்காது, ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்குவார், அதனால்தான் விலை குறைவு. நிலத்தின் பங்கையும் பாருங்கள். எல்லா வீட்டு யு.டி.எஸ்.ஸையும் கூட்டினால் மொத்த மனை வர வேண்டும். கூடுதல் மாடிக்காரருக்கு பில்டர் எங்கிருந்து வெட்டிக் கொடுத்தார் என்று அதில் தெரிந்துவிடும்.

ரெண்டாம் மாடி, 24 நவம்பர் 2024

வாடகைவாசி பழைய ஃப்ளாட் பக்கம் சாய்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். பத்திரம் பார்க்க வக்கீலுக்குக் கொடுங்கள், நான் வக்கீல் இல்லை. அதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை:

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். விற்பவர் கையில் கொடுக்கும் நகலை நம்பி நிற்க வேண்டாம். பின்னோக்கி 30 வருஷம் பாருங்கள். அவர் வாங்கியபோது எடுத்த கடன் அதில் இருக்கும், அது அடைந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடனை அடைத்துவிட்டேன், அசல் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது என்று பல மாதமாகச் சொல்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். கடன் அடைந்த 30 நாளில் வங்கி பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படித்தான்.

விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று போகிற போக்கில் சொன்னீர்களே, அங்கே நில்லுங்கள். உள்நாட்டில் வசிப்பவர் விற்றால் 50 லட்சம் முதல் 1% வரி பிடித்தால் போதும், உங்கள் விலைக்கு அதுவும் இல்லை. வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 50 லட்சம் என்ற வரம்பே கிடையாது, பிடித்தமும் மிக அதிகம், நீங்கள் அதற்காக டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) வாங்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை வருவது உங்கள் வாசலுக்கு. ஆடிட்டருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் இங்கே வீண் செலவு இல்லை.

ரெண்டாம் மாடி, 1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழையில் நேற்று கூடுவாஞ்சேரிக்குப் போய் ஸ்டில்ட்டை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார் வாடகைவாசி. தரை நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். இனி விலை பேசலாம்.

ரெண்டாம் மாடி, 20 டிசம்பர் 2024

மார்கழி பிறந்துவிட்டது. பேரம் பேச ஆடியும் மார்கழியும்தான் மாதம். வாங்குகிறவர்கள் எல்லோரும் தைக்காகக் காத்திருப்பார்கள், விற்கிறவருக்கு போன் வராது. இப்போது பேசி முடித்து, தையில் நல்ல நாள் பார்த்துப் பதியுங்கள். (முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் நெரியும். டோக்கனை முன்கூட்டியே போடுங்கள்.)

எப்படிப் பேசுவது என்று தனிச்செய்தியில் கேட்டார். ‘கொஞ்சம் குறைச்சுக்கோங்க’ என்றால் ஐம்பதாயிரம் குறைப்பார். காகிதத்தோடு போங்கள். பாத்ரூம் இரண்டுக்கும் நீர்க்கசிவு வேலைக்குக் கொத்தனார் கொடுத்த எஸ்டிமேட், ஒயரிங்குக்கு எலக்ட்ரீஷியன் கொடுத்தது, வெளிப்பூச்சு அடுத்த வருஷம் வருகிறது, வீட்டுக்கு இவ்வளவு என்று அசோசியேஷன் செகரட்டரி சொன்னது. வீடு மார்ச்சிலிருந்து காலி என்கிறீர்கள். அவர் வாடகையும் இழந்து மெயின்டனன்ஸும் கட்டிக்கொண்டிருக்கிறார், அதை நீங்கள் வாய்திறந்து சொல்லவே வேண்டாம், அவருக்கே தெரியும். கடன் ஒப்புதல் கையில் இருக்கிறது, பிப்ரவரிக்குள் முழுப்பணம் என்று சொல்லுங்கள். விற்கிறவர் காதில் விழுவது அதுதான்.

பத்திரத்தில் 35 லட்சம் காட்டி மிச்சத்தை ரொக்கமாகக் கேட்கிறார் என்றீர்கள். வேண்டாம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். அட்வான்ஸைக்கூட 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கல் வாங்கல் கூடாது. அது சட்டம். உங்கள் பாக்கெட் பக்கம் பார்த்தால், வங்கி பத்திர விலையை வைத்துத்தான் கடன் கொடுக்கும், மிச்சம் முழுக்க உங்கள் கையிருப்பிலிருந்து போகும். நாளை விற்கும்போது நீங்கள் 35க்கு வாங்கியதாகத்தான் கணக்கு, அவர் சேமித்த வரி உங்கள் தலையில் விழும்.

வாடகைவாசி, 18 ஜனவரி 2025

42 லட்சத்துக்கு முடிந்தது சார், முழுக்க பேங்க் வழியாக. அவர் ஊர் திரும்பி ரெண்டு வருஷம் ஆச்சாம், வரி விஷயத்தில் ஆடிட்டர் பார்த்துச் சரி என்றுவிட்டார். கடன் 80% தருகிறார்கள், 8.75% வட்டி. 20 வருஷம் போடவா?

ரெண்டாம் மாடி, 19 ஜனவரி 2025

கையில் எவ்வளவு வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கடன் 33.6 லட்சம். 30 முதல் 75 லட்சம் வரையான கடனுக்கு 80%தான் உச்சவரம்பு, பத்திரச் செலவு அதில் சேராது. ஆக உங்கள் கையிலிருந்து 8.4, பத்திரம் 3.78, புரோக்கர் 42 ஆயிரம், கைவேலை 4. பதினாறரை லட்சத்துக்கு மேல். நகையை வைத்துப் பத்திரம் பதிகிற கதையை நிறையப் பார்த்தாயிற்று.

20 வருஷம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 29,700, மொத்தம் கட்டுவது 71.3 லட்சம். 15 வருஷம் என்றால் 33,600, மொத்தம் 60.4 லட்சம். மார்கழி முழுக்கத் தொண்டை வறளப் பேசி நீங்கள் இறக்கியது 3 லட்சம். மாதம் 3,900 கூடக் கட்டினால் இறங்குவது கிட்டத்தட்ட 11 லட்சம்.

யோசித்துப் பார்த்தால் 20 வருஷமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் தோன்றுகிறது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. கட்டாயத் தவணை குறைவாக இருக்கட்டும், போனஸ் வரும்போது அசலில் போடுங்கள். வேலை போனாலும் மூச்சுவிட இடம் இருக்கும். உங்கள் கையில் போனஸ் தங்குமா, செலவழியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தங்காது என்றால் 15.

ரெண்டாம் மாடி, 8 பிப்ரவரி 2025

நேற்று ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டி) கால் சதவீதம் குறைத்து 6.25 ஆக்கியிருக்கிறது. ரெப்போவோடு இணைந்த கடன் என்றால் மூன்று மாதத்துக்குள் உங்களுக்கும் இறங்க வேண்டும். வங்கியில் ‘இ.எம்.ஐ.யைக் குறைக்கட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே 29,700ஐ 8.5%இல் கட்டினால் 240 தவணை 229 ஆகச் சுருங்கும்.

பதிவுக்கு முன் செகரட்டரியிடம் மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். கார்பஸ் தொகை (அசோசியேஷனிடம் கிடக்கும் பொது வைப்புப் பணம்) வீட்டோடு சேர்ந்து வருகிறதா என்றும் கேளுங்கள். விற்பவர் அதைத் தனியாகக் கேட்டால் பேரத்தை அந்த இடத்திலேயே முடியுங்கள்.

ரெண்டாம் மாடி, 16 பிப்ரவரி 2025

பதிவு முடிந்ததாக எழுதியிருக்கிறார். இனி சொத்துவரி, கரண்டு இணைப்பு இரண்டுக்கும் பெயர் மாற்றம். இந்த மாதமே போடுங்கள், அப்புறம் என்றால் விற்கும் வரை மாறாது.

நடுவில் மனை வாங்குவது பற்றிக் கேட்டவருக்கு: அங்கீகாரம் இல்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20 என்ற தேதிக்கு முன் அந்த மனைப்பிரிவில் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதில்தான் எல்லாமே தொடங்கும். வரன்முறைப்படுத்த வழி உண்டா இல்லையா என்பது அதைப் பொறுத்தது. ஃப்ளாட் கணக்கு அதற்கு உதவாது. தனி இழையாகப் போடுங்கள், இங்கே கேட்டால் வாஸ்துவுக்கும் நீச்சல் குளத்துக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாது.